தடைக்கால அறிமுகம்

மண்டபத்தில் விசைப்படகுகளைக் கட்டிப் போட்டு
முப்பத்திரண்டாம் நாள்.
ஐஸ் கம்பெனி மாடியைக் கேட்டு வந்தார்கள்,
கரண்ட் இருக்கிறது, வேலை இல்லை என்பதால்.
சாவி என்னிடம்.

மீன் பெட்டிகளைக் கவிழ்த்து வட்டமாகப் போட்டு
அவரவர் மடியில் அவரவர் பெட்டி:
டிபன் பாக்ஸ், பிஸ்கட் டின், ஒரு பிளாஸ்டிக் டப்பா,
ஒன்று மட்டும் நிஜமான மரம், மெருகு போட்டது.
உள்ளே பச்சை போர்டு, ஈயப் பொட்டுகள்.
வெளியே திருகுகிற குமிழ்கள்.
பேர், ஊர், என்ன வாசிப்பீர்கள்,
பெட்டி என்ன செய்யும்,
ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாள் பிரின்சிட்டா.
அவளே பத்து நிமிஷம் எடுத்தாள்.

பாம்பன், தெற்குவாடி.
ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன்,
மற்ற நாளெல்லாம் படகுகளின் எக்கோ சவுண்டர் ரிப்பேர்.
"மீன் இருக்குன்னு பொய் சொல்ற மெஷின்களை
ஏழு வருஷமாத் திருத்துறேன்.
இந்த சிப் அதுங்ககிட்ட சுட்டது."
டிபன் பாக்ஸின் குமிழைத் திருப்பினாள்.
டொக் என்று ஒரு துளி விழுந்து
தரையைத் தேடிப் போய்
தொடாமலே திரும்பி வந்தது.

கீழக்கரை செய்யது நைனா, கல்யாணங்களில் கீபோர்டு.
"எங்க மாமி பைத் படிக்கும்போது போய் நிக்கிற இடத்துக்கு
கடைக் கீபோர்டுல கட்டை இல்ல.
அதனால கட்டையே இல்லாமச் செஞ்சேன்."
மரப்பெட்டியின் மேல் ஒரு கறுப்பு நாடா,
விரல் எங்கே நின்றாலும் சுரம்.
உப்புக்காற்று தின்னாமலிருக்க
போர்டு முழுக்க நெயில் பாலிஷ்,
தங்கச்சியிடம் வாப்பா பறித்து வைத்தது.
எந்தக் கலர் என்றுதான் கேள்வி அதிகம் வந்தது.

வாலிநோக்கம் காளைராசு, உப்புக் கம்பெனி ஷிஃப்ட்.
"வாசிக்கத் தெரியாது. புரோகிராம் எழுதுவேன்.
அலையை நொடிக்கு நாப்பத்து நாலாயிரம் துண்டா நறுக்கணும்.
என் சிப்புக்கு முப்பதாயிரத்துலயே மூச்சு வாங்குது."
டப்பா ஒருமுறை கனைத்தது.
உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து துஷ்யந்தினி.
பேர் சொன்னாள். ஊர் என்றதும்
கை குமிழுக்குப் போனது.
"பிறந்தது இங்கதான், முகாமில.
வீட்டில கேட்டா வேற ஊர் சொல்லுவினம்."
பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு அலைகள்.
கிட்டத்தட்ட ஒன்று. கிட்டத்தட்ட மட்டும்.
நடுவிலிருந்த அந்தச் சின்ன வித்தியாசம்
மெல்ல வந்து வந்து மோதிற்று.
"ஒரு வரி மாத்தினாப் போதும், நேராயிடும்"
என்றான் காளைராசு.
"தெரியும்" என்றாள்.
ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் சொன்னாள்.

பிறகு எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.
கதவில் நான்.

என் பேர் நம்பு. உத்தரவு இல்லை, பேரே அதுதான்.
நம்புராஜன், அட்டையில்.
ஒன்றும் வாசிக்க மாட்டேன்.
பத்தொன்பது வருஷமாகக் கீழே கம்ப்ரசர் ஓட்டுகிறேன்.

இதோடு முடித்திருக்கலாம்.
ஆனால் என்னை யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.
சத்தம் ஒரு இழை இறங்கினால் பெல்ட் தளர்வு என்றேன்.
ஏறிக் கரகரத்தால் பேரிங்.
முப்பத்திரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை,
ஓசை நின்றுபோனதால்.
இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"பாடிக் காட்டுங்க" என்றாள் பிரின்சிட்டா.

உம் என்று இழுத்தேன்.
தொண்டையில் அவ்வளவு ஆழம் கிடையாது.
நாலு பெட்டிகளும் தேட ஆரம்பித்தன.
இதுவா? இன்னும் கீழே.
இதுவா? கொஞ்சம் கரகரப்பு.
தகரக் கரகரப்பு இல்லை தம்பி, எண்ணெய்க் கரகரப்பு.
நைனாவின் விரல் நாடாவில்
மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது.
காளைராசு எதையோ அழித்து எதையோ எழுதினான்.
மணியைப் பார்த்தபடியே துஷ்யந்தினி
தன் மோதலை அதன் அடியில் வைத்தாள்.
பிஸ்டன்!
அதுதான், விடாதே என்று கத்தினேன்.

தரை அதிரவில்லை.
ஆனாலும் மூக்கில் அம்மோனியா ஏறிற்று.
வால்வைப் பார்க்க
பாதிப் படி இறங்கிவிட்டிருந்தேன்.